மேஜை மேல் ஒரு பாலைவனம்: பொம்மைக் குதிரைவீரன் பிறந்த ஊருக்கு ஒரு பயணம்

ஆரஞ்சு நிற வானம். அகலமான தொப்பி போட்ட ஒருவன் குதிரையில் பாய்ந்து வருகிறான். கையில் சுழலும் கயிறு. முகம் தெரியவில்லை. குதிரையின் கால்கள் எங்கே முடிகின்றன, தூசி எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியவில்லை. ஆனாலும் பார்ப்பவர் காதில் குளம்புச் சத்தம் கேட்கிறது.

கொஞ்சம் உற்றுப் பார்த்தால்தான் சங்கதி புரியும். வீரன் பொம்மை. குதிரையும் பொம்மை. அந்தப் பாலைவனம் ஒரு மேஜை. அஸ்தமிக்கும் சூரியன் ஒரு ஸ்டுடியோ விளக்கு. எல்லாமே உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் அளவு!

இப்படிப்பட்ட படங்களை எடுத்து உலகப் புகழ் பெற்றவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டேவிட் லெவின்தால். நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் உட்படப் பல பெரிய அருங்காட்சியகங்களில் இவருடைய படங்கள் இருக்கின்றன. 2019-ல் வாஷிங்டனில் உள்ள ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகம் இவருடைய படங்களை வைத்துப் பெரிய கண்காட்சியே நடத்தியது.

அந்தக் குதிரைவீரன் படத்தைப் பார்க்கும் எவருக்கும், ‘இந்த இடத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்று தோன்றும். அமெரிக்கா பக்கமே போகாதவர்களுக்கும் தோன்றும். மேஜை மேல் போட்ட மணலை எங்கே பார்த்திருக்க முடியும்? விடை தேடிக் கிளம்பினால், பாதை அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைவனத்துக்குப் போகிறது. அங்கே இருக்கிறது மானுமென்ட் வேலி.

செம்மண் கடலில் கல் கப்பல்கள்

அரிசோனா மாநிலத்தின் ஃபிளாக்ஸ்டாஃப் நகரத்திலிருந்து காரில் ஏறக்குறைய மூன்று மணி நேரப் பயணம். கயென்டா என்ற சிற்றூரைத் தாண்டியதும் சாலை வடக்கே திரும்புகிறது. இருபுறமும் முள்செடிகளும் செம்மண்ணும்தான். திடீரென்று அடிவானத்தில் ஒன்றிரண்டு பாறைகள் தலைகாட்டும். பக்கத்தில் போகப்போக அவை வளர்ந்துகொண்டே போகும். சில பாறைகள் தரையிலிருந்து ஆயிரம் அடி உயரத்துக்கு நிற்கின்றன. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக நான்கைந்து முறை அடுக்கினால் வரும் உயரம்!

இது அரிசோனா, யூட்டா இரண்டு மாநிலங்களின் எல்லையில் இருக்கிறது. நிலம் நவஹோ பழங்குடி மக்களுக்குச் சொந்தம். அவர்கள் தங்களைச் சொல்லிக்கொள்ளும் பெயர் ‘தினே’. ‘மக்கள்’ என்று பொருள். நவஹோ தேசம் என்று அழைக்கப்படும் இந்தப் பகுதியின் மொத்தப் பரப்பு, தமிழ்நாட்டில் பாதிக்கும் மேல். அவர்களுக்கென்று தனி அரசு, தனி நீதிமன்றம், தனிக் காவல்துறை எல்லாம் உண்டு. 1958-ல் மானுமென்ட் வேலியைப் பழங்குடிப் பூங்காவாக அறிவித்ததும் அவர்கள்தான்.

கோடையில் போகிறவர்களுக்கு ஒரு வேடிக்கை காத்திருக்கும். அரிசோனா மாநிலம் கோடைக்காகக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பதில்லை. ஆனால், அதே மாநிலத்துக்குள் இருக்கும் நவஹோ தேசம் திருப்பி வைக்கிறது. எல்லையைத் தாண்டியதும் செல்போன் கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே குதித்துவிடும். விவரம் தெரியாமல் ‘டூர்’ வண்டியைத் தவறவிடுகிறவர்கள் உண்டு.

இந்தப் பாறைகள் எப்படி வந்தன? ஒரு காலத்தில் இவை தனித்தனியாக இல்லை. ஒரே பெரிய மேட்டுநிலமாக இருந்தன. மேலே கெட்டியான பாறை, நடுவே மணற்கல், அடியில் மென்மையான களிப்பாறை. காற்றும் மழையும் பனியும் கோடிக்கணக்கான ஆண்டுகள் அடிப்பாகத்தை அரித்தன. பிடிமானம் போன பாறைகள் செங்குத்தாக உடைந்து விழுந்தன. எஞ்சி நிற்பவைதான் இந்தத் தூண்கள். மண்ணில் கலந்திருக்கும் இரும்புச் சத்து துருப்பிடித்துத்தான் இந்தச் சிவப்பு. நம் ஊர்ச் செம்மண் சிவந்ததும் அதனால்தான்.

பார்வையாளர் மையத்தின் வாசலில் நின்றால் மூன்று பாறைகள் கண்ணெதிரே. அதில் இரண்டு, கட்டை விரலைத் தனியே நீட்டிய கையுறைகள் மாதிரி இருக்கும். ‘மிட்டன்ஸ்’ என்றே பெயர். ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசியிலும் செப்டம்பர் நடுவிலும் சூரியன் மறையும்போது மேற்குக் கையுறையின் நிழல் கிழக்குக் கையுறையின் மேல் அப்படியே விழுகிறது. அந்தச் சில நிமிடங்களைப் படம்பிடிக்க எங்கிருந்தோ எல்லாம் வருகிறார்கள்.

போட்டோக்களைத் தூக்கிக்கொண்டு போன கடைக்காரர்

பூங்காவுக்கு எதிரே, மலையடிவாரத்தில் ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது. இப்போது அது அருங்காட்சியகம். 1920-களில் ஹாரி கோல்டிங் என்பவரும் அவர் மனைவியும் இங்கே வந்து கடை போட்டார்கள். நவஹோ மக்கள் கம்பளி, கம்பளங்கள், வெள்ளி நகைகளைக் கொண்டுவருவார்கள். பதிலுக்கு மாவு, சர்க்கரை, காபி வாங்கிப் போவார்கள். மனைவியின் பெயர் லியோன். ஆனால், ‘மைக்’ என்றுதான் கணவர் கூப்பிடுவார்.

1930-களில் பெரும் பொருளாதார மந்தம் வந்தது. வறட்சியும் சேர்ந்துகொண்டது. கடைக்கு வருகிறவர்கள் கையில் காசில்லை. ஹாலிவுட்டில் யாரோ ‘கௌபாய்’ படம் எடுக்க இடம் தேடுகிறார்கள் என்று ஹாரி கோல்டிங் காதில் விழுந்தது. 1938-ல் அவரும் மைக்கும் லாஸ் ஏஞ்சலஸுக்குக் கிளம்பினார்கள். கையில் இருந்தது ஒரு கட்டுப் புகைப்படங்கள். ஜோசப் மென்ச் என்ற புகைப்படக்காரர் மானுமென்ட் வேலியில் எடுத்தவை. ஸ்டுடியோவில் உள்ளே விட மறுத்ததும் கோல்டிங், ‘பார்க்காமல் நகர மாட்டேன்’ என்று அங்கேயே உட்கார்ந்துவிட்டதாக ஒரு கதை இன்றும் சொல்லப்படுகிறது.

கதை எப்படியோ, படங்கள் இயக்குநர் ஜான் ஃபோர்டின் கண்ணில் பட்டன. அடுத்த ஆண்டு, 1939-ல் ‘ஸ்டேஜ்கோச்’ திரைக்கு வந்தது. ஜான் வெய்ன் ஒரே படத்தில் நட்சத்திரமானார். மானுமென்ட் வேலியும்தான்! அதன் பிறகு ஃபோர்ட் திரும்பத் திரும்ப இங்கேயே வந்தார். ‘ஷீ வோர் எ யெல்லோ ரிப்பன்’ படத்தில் ஜான் வெய்ன் தங்கியிருக்கும் அறையை கோல்டிங்கின் கடைக்குப் பின்னால் இன்றும் காட்டுகிறார்கள். உண்மையில் அது மைக் அம்மாள் உருளைக்கிழங்கு போட்டு வைத்த அறை.

ஒரு கட்டு போட்டோவிலிருந்து சினிமா பிறந்தது. சினிமாவிலிருந்து பொம்மை பிறந்தது. 1950-களில் அமெரிக்க வீடுகளுக்குத் தொலைக்காட்சி வந்தபோது, மாலையானால் குதிரைச் சத்தமும் துப்பாக்கிச் சத்தமும்தான். பொம்மைக் கம்பெனிகள் சும்மா இருக்குமா? தகரக் கோட்டை, பிளாஸ்டிக் குதிரை, கௌபாய், வில் பிடித்த ‘இந்தியன்’ என்று பெட்டி பெட்டியாக விற்றன. லூயிஸ் மார்க்ஸ் கம்பெனியின் ‘ஃபோர்ட் அபாச்சி’ பெட்டி, அந்தக் காலத்துப் பையன்களின் கனவு. ஜான் ஃபோர்ட் 1948-ல் எடுத்த படத்தின் பெயரும் அதுதான்.

அப்படிப்பட்ட பெட்டிகளோடு வளர்ந்த தலைமுறையில் ஒருவர்தான் டேவிட் லெவின்தால். பிறந்தது 1949, சான் ஃபிரான்சிஸ்கோவில்.

பொம்மையைக் கீழே வைக்காத மாணவர்

பையன்கள் வளர்ந்தால் பொம்மைகள் பரணுக்குப் போகும். லெவின்தால் விஷயத்தில் அவை கல்லூரிக்குப் போயின. யேல் பல்கலைக்கழகத்தில் புகைப்படக் கலை படித்துக்கொண்டிருந்தபோது, தரையில் பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் படமெடுக்கத் தொடங்கினார். அங்கே உடன் படித்த கேரி ட்ரூடோவுடன் சேர்ந்து, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி ரஷ்யாவுக்குள் புகுந்த கதையைப் பொம்மைகளாலேயே சொன்னார். பனிக்குப் பதில் மாவைத் தூவினார்கள். 1977-ல் ‘ஹிட்லர் மூவ்ஸ் ஈஸ்ட்’ என்ற பெயரில் அது புத்தகமானது. போர்க்களத்தில் யாரோ உயிரைப் பணயம் வைத்து எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களோ என்று ஒரு கணம் மயங்க வைக்கும் படங்கள் அவை. அந்த ட்ரூடோதான் ‘டூன்ஸ்பரி’ கார்ட்டூன் தொடருக்காகப் பேசப்பட்டவர்.

1980-களின் பிற்பாதியில் லெவின்தால் எடுத்த தொடர்தான் ‘தி வைல்ட் வெஸ்ட்’. இதற்கு அவர் பயன்படுத்திய கேமரா, பொம்மைக்கு நேர் எதிர். ஆள் உயரம், நூறு கிலோவுக்கு மேல் எடை! போலராய்ட் கம்பெனி 1970-களில் தயாரித்த இந்த ராட்சதக் கேமராவில் விரல் விட்டு எண்ணக்கூடியவைதான் உண்டு. 20 அங்குலத்துக்கு 24 அங்குலம் அளவில் ஒரு படத்தை, ஒன்றரை நிமிடத்துக்குள் அச்சாகவே கையில் கொடுத்துவிடும். நெகட்டிவ் கிடையாது. ஒரு படம் என்றால் ஒரே ஒரு பிரதிதான்.

சின்னப் பொம்மையை இவ்வளவு பெரிய கேமராவால், இவ்வளவு கிட்டத்தில் வைத்து எடுக்கும்போது ஒன்று நடக்கும். மிக மெல்லிய ஒரு பகுதி மட்டும்தான் தெளிவாக விழும். தொப்பியின் விளிம்பு தெளிவாக இருந்தால், குதிரையின் வால் மங்கிவிடும். மற்றவர்கள் இதைக் குறை என்பார்கள். லெவின்தாலுக்கு அதுதான் வேண்டியிருந்தது. முகம் மங்கினால் பொம்மையின் வரைந்த கண்கள் மறைகின்றன. கால்கள் மங்கினால் அது ஓடுவது போல் ஆகிறது. பின்னணி மங்கினால் மேஜை பாலைவனமாகிறது.

மிச்சத்தை யார் நிரப்புவது? பார்க்கிறவர்தான். எப்போதோ பார்த்த சினிமா, எப்போதோ படித்த கதை, சின்ன வயதில் கட்டில் மேல் விளையாடிய விளையாட்டு எல்லாம் சேர்ந்து அந்த மங்கலை நிரப்புகின்றன. ‘எங்கேயோ பார்த்திருக்கிறோமே’ என்ற கேள்விக்கு விடை இதுதான். நாம் பார்த்தது இடத்தை அல்ல. அந்த இடத்தைப் பற்றிய கதையை.

சிவகாசி வழியாக வந்த மேற்கு

இதில் தமிழர்களுக்கும் ஒரு பங்கு உண்டு. சிவகாசியிலிருந்து வரும் முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். டெக்ஸ் வில்லர் என்ற பெயரைச் சொன்னாலே கண் விரியும். மஞ்சள் சட்டை போட்ட அந்த நாயகன் நவஹோ மக்களின் தலைவர். தமிழில் ‘இரவுக் கழுகார்’. 1948-ல் அவரை உருவாக்கியவர்கள் இத்தாலிக்காரர்கள். கேப்டன் டைகர் பிரெஞ்சு மொழியிலிருந்து வந்தவர். நம் ஊர் ஜெய்சங்கரும் 1970-களில் தொப்பி, துப்பாக்கி, குதிரையோடு ‘கங்கா’ போன்ற படங்களில் தூசி கிளப்பியிருக்கிறார்.

இத்தாலியில் வரைந்து, சிவகாசியில் அச்சாகி, ஏதோ ஒரு கிராமத்துத் திண்ணையில் படிக்கப்பட்ட மேற்கு அது. அரிசோனாவை நேரில் பார்க்காத பல லட்சம் பேர் மனதில் அரிசோனா இருப்பது இப்படித்தான்.

அந்தக் கதையில் யார் இல்லை?

மானுமென்ட் வேலிக்குள் 17 மைல் சுற்றுப்பாதை ஒன்று இருக்கிறது. தார் போடாத மண் சாலை. தாழ்வான கார்கள் திணறும். பாதைக்கு அப்பால் தள்ளிப் போக வேண்டுமென்றால் நவஹோ வழிகாட்டி இல்லாமல் போக முடியாது. காரணம் எளிது. உள்ளே குடும்பங்கள் வாழ்கின்றன. மண்ணும் மரமும் கொண்டு கட்டிய, கிழக்குப் பார்த்த வாசல் வைத்த ‘ஹோகன்’ வீடுகள் அங்கே உண்டு. ஆடுகள் மேய்கின்றன.

இங்கேதான் பொம்மைப் பெட்டி கொஞ்சம் உறுத்தத் தொடங்குகிறது. பெட்டியில் வந்த ‘இந்தியன்’ பொம்மைக்குத் தலை நிறைய இறகுகள் இருக்கும். அது வடக்கே சமவெளிப் பழங்குடிகளின் அணி. நவஹோ மக்களுடையது அல்ல. பெட்டியில் வந்த கூம்புக் கூடாரமும் அவர்கள் வீடு அல்ல. ஜான் ஃபோர்டின் படங்களில் நவஹோ ஆண்களே அபாச்சிகளாக, கமாஞ்சிகளாக, செயேன்களாக வேஷம் கட்டி வந்து சுடப்பட்டு விழுந்தார்கள். கௌபாய் பொம்மைகளும் முழு உண்மை சொல்வதில்லை. அந்த நாளில் மாடு ஓட்டியவர்களில் நால்வரில் ஒருவர் கறுப்பினத்தவர் என்று வரலாற்றாசிரியர்கள் மதிப்பிடுகிறார்கள். மெக்சிகோக்காரர்களும் ஏராளம். கயிறு வீசும் வித்தையே அவர்களிடமிருந்து கற்றதுதான். பெட்டியைத் திறந்தால் அவர்கள் யாரும் இருக்க மாட்டார்கள்.

ஃபோர்டின் படங்களில் தலைசிறந்தது என்று பலரும் சொல்வது 1956-ல் வந்த ‘தி சர்ச்சர்ஸ்’. படம் தொடங்கும்போது திரையில் ஓர் எழுத்து வரும்: டெக்ஸாஸ், 1868. ஆனால், கதவு திறந்ததும் தெரிவது டெக்ஸாஸ் அல்ல. மானுமென்ட் வேலி!

அந்த 1868-ல் இந்த மண்ணின் மக்களுக்கு உண்மையில் என்ன நடந்துகொண்டிருந்தது? நான்கு ஆண்டுகளுக்கு முன், 1864-ல் அமெரிக்க ராணுவம் அவர்களுடைய வயல்களையும் பழத்தோட்டங்களையும் அழித்தது. ஆடுகளைக் கொன்றது. பட்டினியால் சரணடைந்தவர்களை நியூ மெக்சிகோவின் கிழக்கே இருந்த ஃபோர்ட் சம்னர் முகாமுக்கு நடத்திக்கொண்டு போனது. ஏறக்குறைய 480 கிலோமீட்டர். 8,000-க்கும் அதிகமான மக்கள். வயதானவர்களும் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அதில் உண்டு. வழியிலும் முகாமிலும் ஏராளமானோர் இறந்தார்கள். ‘நீண்ட நடை’ என்று நவஹோ மக்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். பிடிபடாத சில குடும்பங்கள் மானுமென்ட் வேலியைச் சுற்றியுள்ள பள்ளத்தாக்குகளில் ஒளிந்து வாழ்ந்தன. 1868 ஜூன் மாதம் உடன்படிக்கை கையெழுத்தானது. மிஞ்சியவர்கள் சொந்த மண்ணுக்குத் திரும்பி நடந்தார்கள்.

சினிமா ‘டெக்ஸாஸ், 1868’ என்று சொன்ன அதே ஆண்டில், இந்த ஊர்க்காரர்கள் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கதைக்குப் பொம்மைப் பெட்டி எதுவும் வரவில்லை.

லெவின்தால் இதையெல்லாம் மறைக்கிறாரா, காட்டுகிறாரா? அவர் படங்களை விரும்புகிறவர்கள் சொல்லும் பதில் இது: ‘இதுதான் உண்மையான மேற்கு’ என்று அவர் சொல்லவே இல்லை. பொம்மையைப் பொம்மையாகவே வைத்து, ‘நீங்கள் இத்தனை காலம் நம்பியது இதைத்தான்’ என்று எடுத்துக் காட்டுகிறார். மங்கலாக எடுத்ததால் அழகு கூடுகிறது. அதே மங்கல்தான், அங்கே தெளிவாக எதுவும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறது.

இன்னொரு பக்கத்திலிருந்தும் பதில் வந்திருக்கிறது. வெண்டி ரெட் ஸ்டார், க்ரோ பழங்குடியைச் சேர்ந்த கலைஞர். 2006-ல் ‘நான்கு பருவங்கள்’ என்று ஒரு படத்தொடர் எடுத்தார். அச்சடித்த மலைக்காட்சித் திரை, பிளாஸ்டிக் புல், செயற்கைப் பூக்கள், காற்றடைத்த பொம்மை மான். எல்லாம் போலி. அவற்றின் நடுவே தன் சமூகத்தின் பாரம்பரிய உடையில் அவரே உட்கார்ந்திருக்கிறார். படத்தில் நிஜம் என்றால் அவர் ஒருவர்தான்! சிரிப்பு வரும். சிரித்து முடித்ததும் யோசனை வரும். 2024-ல் அவருக்குப் புகழ்பெற்ற மெக்ஆர்தர் உதவித்தொகை கிடைத்தது.

நவஹோ மக்களும் சும்மா இருந்துவிடவில்லை. கிளின்ட் ஈஸ்ட்வுட் நடித்த ‘எ ஃபிஸ்ட்ஃபுல் ஆஃப் டாலர்ஸ்’ படத்தை 2021-ல் நவஹோ மொழியில் டப்பிங் செய்து வெளியிட்டார்கள். இத்தாலிக்காரர் ஸ்பெயினில் எடுத்த கௌபாய் படம், கடைசியில் மேற்கின் சொந்த மொழி ஒன்றில் பேசியது.

வீட்டிலேயே ஒரு பாலைவனம்

இந்த விடுமுறையில் குழந்தைகளோடு நீங்களும் முயலலாம். ராட்சதக் கேமரா வேண்டாம். கையில் இருக்கும் செல்போன் போதும்.

ஒரு தாம்பாளத்தில் செம்மண்ணைப் பரப்புங்கள். இரண்டு கருங்கல் சில்லுகளை நிறுத்தினால் மலைகள் தயார். திருவிழாவில் வாங்கிய குதிரையோ, கொலுவில் வைத்த செட்டியார் பொம்மையோ, எது கிடைத்தாலும் சரி.

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். அப்போது லென்ஸ் தரையை ஒட்டி வரும். பொம்மையின் கண் மட்டத்திலிருந்து எடுப்பதுதான் முதல் ரகசியம். மேலிருந்து எடுத்தால் பொம்மை பொம்மையாகவே இருக்கும். கீழிருந்து எடுத்தால் ஆளாகிவிடும்.

ஃபிளாஷ் வேண்டாம். மாலை ஐந்து, ஐந்தரை மணி வெயில் பொம்மைக்குப் பின்பக்கமிருந்து வரட்டும். முகம் இருட்டும், விளிம்பு மின்னும். ஒரு சிட்டிகை முகப்பவுடரைப் பின்னாலிருந்து இன்னொருவர் தட்டிவிட்டால் புழுதி பறக்கும். போனில் ‘போர்ட்ரெய்ட்’ வசதி இருந்தால் பின்னணியை மங்கலாக்கிக்கொள்ளலாம். பவுடர் போனுக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் பொம்மை சிரிக்கும்!

எடுத்து முடித்த பிறகு குழந்தைகளிடம் கதை கேளுங்கள். ‘இவன் எங்கே போகிறான்?’ என்று ஒரு கேள்வி. ‘இந்த மண் யாருடையது? அவர்கள் படத்தில் எங்கே?’ என்று இன்னொரு கேள்வி. இரண்டாவது கேள்விக்கு ஒரு குழந்தை ஓடிப்போய் இன்னொரு பொம்மையை எடுத்துவந்து வைத்தால், நல்ல படம் கிடைத்துவிட்டது என்று அர்த்தம்.

பாறை விளிம்பில் ஒரு குதிரை

மானுமென்ட் வேலியின் சுற்றுப்பாதையில் ‘ஜான் ஃபோர்ட் முனை’ என்று ஓர் இடம். இயக்குநருக்குப் பிடித்த இடம் என்பதால் அந்தப் பெயர். ஒரு பாறை, பள்ளத்தாக்கை நோக்கி நாக்கு நீட்டியது போல் நீண்டிருக்கும். அதன் நுனியில் ஒரு நவஹோ குதிரைக்காரர் வந்து நிற்பது பல ஆண்டு வழக்கம். சிறு தொகை கொடுத்தால் சுற்றுலாப் பயணிகள் படமெடுத்துக்கொள்ளலாம். குதிரையில் ஏறி உட்கார்ந்து எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

தூரத்திலிருந்து பார்த்தால் அவர் இரண்டு அங்குலம்தான். பின்னால் ஆயிரம் அடிப் பாறைகள். குதிரை அசையாது. அவரும் அசைய மாட்டார். லெவின்தால் ஸ்டுடியோவில் பொம்மையை மனிதனாக்கினார் என்றால், இங்கே நிலப்பரப்பு மனிதனைப் பொம்மையாக்கிவிடுகிறது. பயணிகள் படமெடுக்கிறார்கள், காரில் ஏறுகிறார்கள், போகிறார்கள்.

கொஞ்ச நேரம் கூடுதலாக நிற்கிறவர்களுக்குத்தான் மற்றது தெரியும். குதிரை தலையைச் சிலுப்பி ஈயை விரட்டுகிறது. அவர் குனிந்து அதன் கழுத்தைத் தட்டிக்கொடுக்கிறார். பிறகு கடிவாளத்தைத் திருப்பி, பாறை நுனியிலிருந்து மெதுவாக இந்தப் பக்கம் வருகிறார். ஒவ்வோர் அடிக்கும் அவர் உருவம் பெரிதாகிறது. பக்கத்தில் வந்ததும் முகம் தெளிவாகத் தெரிகிறது.

பேச்சுக் கொடுத்துப் பார்க்கலாம். இந்தப் பள்ளத்தாக்கில் வளர்ந்தவர்களுக்கு ஒவ்வொரு பாறைக்கும் ஒரு பெயர் தெரியும். அது சினிமாக்காரர்கள் வைத்த பெயர் அல்ல.